ஒரு விசிட்டிங் கார்டின் கனம்

முப்பந்தல் தாண்டியதும் வண்டி ஒருமுறை விக்கி
நின்றுபோனது.
எழுபத்துமூன்று மாடல் அம்பாசிடர்.
டிக்கியிலும், பின்சீட்டைக் கழற்றிய இடத்திலுமாகப்
பதினாறு தேனீப் பெட்டி,
வள்ளியூர் முருங்கைத் தோட்டத்திலிருந்து.
வாசல்களுக்குக் கம்பிவலை அடித்திருந்தேன்.
இஞ்சின் ஓய்ந்த பிறகுதான் கேட்டது,
வழியெல்லாம் அவை பேசிக்கொண்டே வந்திருக்கின்றன.

மாசி. இரவு இரண்டேகால்.
காற்று செத்த நேரம்.
சாலைக்கு இருபுறமும் காற்றாலைகள்
மூன்று கையையும் விரித்துச் சும்மா நின்றன.
ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற இடத்தில்
எனக்கு ஒரு பொறி இல்லை.

வெயில் ஏறுமுன் குலசேகரம் சேராவிட்டால்
பெட்டிக்குள் அடை உருகும்.
மைனி புஷ்பலீலா டார்ச்சோடு இறங்கினாள்.
“பேட்டரி போச்சா?”
ஹாரனை அமுக்கினேன்.
ஆரல்வாய்மொழி நாய்கள் பதில் சொல்லின.
“பின்ன, கரண்ட் இல்லியா?”

இருந்தது.
சாவியைத் திருப்பினால் அம்மீட்டர் முள்
கழித்தல் பக்கம் நான்கில் சாய்ந்து கிடந்தது.
மைனி முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றச் சுற்ற
தூண்டில் தக்கைபோல அது துடிக்கவேண்டும்.
துடிக்கவில்லை.
“கரண்ட் இருக்கு மைனி. நிக்காம ஓடுது.
அதான் தீனம்.”

அவளுக்குச் சொன்னேனா, எனக்கே சொன்னேனா:
பேட்டரியில் கிளம்பும் பன்னிரண்டு வோல்ட்
சாவி வழியாகக் காயிலுக்குள் போகும்,
தடித்த கம்பியில் சில நூறு சுற்று.
பிறகு டிஸ்ட்ரிபியூட்டரில்
இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் ஒட்டிய இடத்தைக் கடந்து
வண்டியின் தகரத்தில் இறங்கி
புறப்பட்ட பேட்டரிக்கே திரும்பிவிடும்.
தேனீக்கள் உட்கார்ந்திருப்பதும்
அந்தத் திரும்பும் வழியின்மேல்தான்.
இதுவரை ஒரு பொறியும் இல்லை.
காயில் சூடாகும், அவ்வளவே.

பொறி வேண்டுமென்றால் ஓட்டத்தை வெட்டவேண்டும்.
கேம் திரும்பிப் பொட்டுகள் விலகும் அந்த நொடியில்
காயிலுக்குள் கட்டி எழுப்பிய காந்தம் இடிந்து விழும்,
விழுந்த வேகத்தில்
முடிமெல்லிய கம்பியின் ஆயிரமாயிரம் சுற்றுக்குள்
பதினைந்தாயிரம் வோல்ட்டாக எழும்.
ரோட்டார் அதைக் கையில் வாங்கி
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று
வரிசை மாற்றிப் பந்தி விசாரிக்கும்.
பொட்டுகளில் மிஞ்சும் ஆத்திரத்தைக்
கண்டன்சர் விழுங்கிக்கொள்ளும்.

என் வண்டியில் விலகல் இல்லை.
ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, பொட்டுகள்
எந்நேரமும் ஒட்டிக் கிடந்தன.

தீப்பெட்டியின் உரசுபட்டையால் கரியைத் தேய்த்தேன்.
பூரான் தேடுவதுபோல மைனி டார்ச் பிடித்தாள்.
இடைவெளி அளக்கும் தகடு வீட்டில், அடுக்களை அலமாரியில்.
கைப்பையில் இருந்தது ஒரு விசிட்டிங் கார்டு:
எஸ். டெல்வின்ராஜ், ரப்பர் தோட்டம், குலசேகரம்.
பெட்டிக்கு வாடகை ஐம்பதா எழுபதா என்று
மூன்று நாள் போனில் இழுத்தவர்.
நல்ல கனத்தில் அடித்திருந்தார், எழுத்தெல்லாம் பொன்.
கேமின் மேட்டில் நிறுத்தி, கார்டைச் செருகி,
உரசியும் உரசாமலும் வந்த அளவில்
ஸ்க்ரூவை இறுக்கினேன்.

காயில் வயரை மூடியிலிருந்து பிடுங்கி
இஞ்சின் ஓரமாகக் காட்டினேன்.
“சுத்துங்க மைனி.”
நீலமாக ஒன்று பாய்ந்தது.
அடுத்தது என் சுண்டுவிரல் வழியாக.
நான் அலறியதற்கு அவள் சிரித்தாள்;
பெட்டிகளுக்குள் ஒரு கணம் சத்தம் உயர்ந்து தணிந்தது.

தக்கலையில் கட்டஞ்சாயா குடிக்கும்போதுகூட
வண்டியை அணைக்கவில்லை.

தோட்ட வாசலில் டெல்வின்ராஜ் கடிகாரம் பார்த்தார்.
“உங்க கார்டு இருந்ததால வந்து சேர்ந்தோம்” என்றேன்.
அவர் அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு
இன்னும் இரண்டு தந்தார்.
மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.
வண்டி பழசு.